விருந்துக்குப் போன கோட்டு

எல்லோரும் தவளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ருஃபினா மட்டும் பெயரைத் தேடினாள்.

சலமாங்கா பல்கலைக்கழகத்தின் முகப்பில் செதுக்கியிருக்கும் எத்தனையோ உருவங்களுக்கு நடுவே ஒரு மண்டை ஓட்டின் மேல் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மூர்சியா பக்கத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கிய நாற்பத்தெட்டு பென்ஷன்காரர்களும் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எழுபது வயதுக்கு மேல் என்ன அதிர்ஷ்டம் வந்து கொட்டப்போகிறதோ, அது அவர்களுக்கே வெளிச்சம். அரசாங்கம் சலுகை விலையில் ஊர் சுற்றிக் காட்டுகிறது, காட்டுவதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு.

ருஃபினாவோ முகப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த ஊரில் பழைய கட்டடச் சுவர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் பெயர்கள் இருக்கும். பல்கலைக்கழகத்தின் உச்சப் பட்டம் வாங்கியவன் தன் பெயரைச் சுவரில் எழுதிக்கொள்வான். பெயரின் மேலே ஒன்றுக்குள் ஒன்று பின்னிய எழுத்துகளில் ஒரு வெற்றிக்குறி. அந்தக் காலத்தில் காளை ரத்தத்தில் எழுதினார்களாம், இப்போது வெறும் பெயிண்ட். எழுதியான பிறகு சொந்தபந்தம் எல்லாம் கூடி விருந்து சாப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான வருடமாக நடக்கிற வழக்கம் இது.

"ஏடி ருஃபி, தவளைய விட்டுட்டு அந்தப் பக்கம் என்னத்தப் பாக்குற? எவனாவது உன் பேர எழுதி வச்சிருக்கானா?" என்றாள் ஒப்துலியா.

ஒப்துலியாவும் ருஃபினாவும் ஒரே தெரு. அவர்கள் ஊரான மோலினாவில் காய்கனிகளை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் ஒரே மேசையில் முப்பத்தெட்டு வருடம் எதிரெதிரே நின்றவர்கள். ஒப்துலியாவின் வாய்க்குப் பூட்டுப் போட அவள் புருஷனாலேயே முடியவில்லை. ஆனால் ருஃபினா எந்தப் பெயரைத் தேடுகிறாள் என்பது அவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

அது அவள் அண்ணன் ஹினேஸின் பெயர். பங்குச் சாமியாரின் சிபாரிசில் அவனுக்கு சலமாங்காவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது ருஃபினாவுக்குப் பதினைந்து வயது. அதற்கு முந்தின வருடமே அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பியாகிவிட்டது. மே மாதம் ஆப்ரிகாட், ஜூலை வெயிலில் பீச், குளிர் முடிகிற நேரத்தில் ஆர்ட்டிச்சோக். அந்த முள்மொட்டின் சாறு கையில் பட்டால் விரல், நகம், உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்துவிடும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது, சீசன் முடிந்து தோல் உரிந்தால்தான் போகும். பதினொரு வருடம் அவன் படித்தான். பதினொரு வருடமும் அவள் சம்பள உறை பிரிக்காமல் அப்பா கைக்குப் போனது. பாஸ்குவால் என்றொரு லாரி டிரைவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அண்ணன் படிப்பு முடியட்டும் என்றாள். மூன்று வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

பட்டம் வாங்கிய வருடம் ஹினேஸ் ஒரு கடிதம் போட்டான். 'மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டடம், பின்பக்கத் தெரு, மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டேன். ஒருநாள் உன்னைக் கூட்டிவந்து காட்டுகிறேன்.' அந்தக் கடிதம் அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் ஒருநாள் என்று நாற்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. ஹினேஸ் மாட்ரிட்டில் பெரிய டாக்டரானான், வசதியான வீட்டுப் பெண் காசில்தாவைக் கட்டினான், ஒரு மகனைப் பெற்றான். ருஃபினா அப்பாவை அடக்கம் செய்தாள், படுக்கையில் விழுந்த அம்மாவை ஒன்பது வருடம் புரட்டிப் போட்டுத் துடைத்தாள். அந்த ஒன்பது வருடத்தில் ஹினேஸ் வந்தது மூன்று தடவை. மூன்று தடவையும் மாத்திரைகளைச் சரியாகக் கொடுப்பதில்லை என்று அவளைத்தான் திட்டினான்.

இப்போது காசில்தா இறந்துவிட்டாள். மகன் கனடாவில். ஹினேஸுக்குக் கை நடுக்க நோய். ஸ்பூன் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நல்ல முதியோர் இல்லமாகப் பார்க்கிறேன் என்று மகன் சொன்னதற்கு மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டு, தங்கச்சிக்குப் போன் போட்டான். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவன் மோலினாவுக்கு வருகிறான். அவளோடு இருக்க, கடைசிவரைக்கும்.

கேட்டவர்கள் எல்லாம் அவளைப் பைத்தியம் என்றார்கள். அவளுக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று அறை வீட்டில் பன்னிரண்டு வருடமாகத் தனியாக டிவியோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாள். வழுக்காத பாய், கைப்பிடி வைத்த கோப்பை, எல்லாம் வந்து இறங்கிவிட்டன. அவன் வந்துவிட்டால் வீட்டை விட்டு நகர முடியாது. அதற்கு முன்னால் அந்தப் பெயரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தச் சுற்றுலாவில் பெயர் கொடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் ஹோட்டலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழிகாட்டிப் பெண் அமாயா ஒரு காகிதத்தில் தெருவை வரைந்து கொடுத்திருந்தாள். ருஃபினாவின் முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் கெஞ்சியது. பின்பக்கத் தெருவுக்குப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜன்னலை எண்ணினாள். இருந்தது. சிவப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது, ஆனால் எழுத்து போகவில்லை. ஹினேஸ் பெல்த்ரான்.

அவள் அழுதுவிட்டாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லை. அந்தச் சுவரில் இருப்பது அவளுடைய பதினொரு வருடம். நான் இனிமேல் செத்தாலும் பரவாயில்லை என்று ஒப்துலியாவிடம் சொன்னாள்.

"செத்துத் தொலைக்காத, ரிட்டர்ன் டிக்கெட் வீணாப் போகும்," என்று ஒப்துலியா போட்டோ எடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சொன்னாள்: "பேரு அவனோடது, உழைப்பு உன்னோடது. கீழ உன் பேரையும் சின்னதாப் போட்டிருக்கலாம். இவ்வளவு பெரிய சுவத்துல எடமா இல்ல?"

ருஃபினாவுக்குச் சுருக்கென்றது. உனக்குப் பொறாமை என்றாள். ஒப்துலியா, ஆமாமா என்று சொல்லி அதோடு விட்டுவிட்டாள்.

போட்டோ ஹினேஸுக்குப் போனது. சாயங்காலமே அவன் கூப்பிட்டான். பார்த்துவிட்டாய் அல்லவா, ரொம்ப சந்தோஷம் என்றான். நாளைக்கு என்ன திட்டம் என்று கேட்டான். நாளைக்கு மலைப்பக்கம், சியெராவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றாள் அவள். அவன் உடனே, அங்கே போகாதே என்றான். வளைவுப் பாதை, குளிர், உன் முழங்காலுக்கு ஆகாது, ஹோட்டலில் படுத்து ஓய்வெடு என்றான். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, கல் வீடும் பன்றியும்தான் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். இத்தனை வருடத்தில் அவளுடைய முழங்காலைப் பற்றி அவன் விசாரித்தது அதுதான் முதல் தடவை. அவள் நெகிழ்ந்துபோனாள். காலையில் படுக்கையிலேயே கிடந்திருப்பாள். ஒப்துலியாதான் போர்வையை உருவி, பணம் கட்டிவிட்டுப் படுத்துக் கிடக்க நீ என்ன ராணியா என்று கிளப்பிக்கொண்டு போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, மலை அழகாகத்தான் இருந்தது. செஸ்நட் மரங்கள் மஞ்சளாக நின்றன. மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள், குறுகலான தெருக்கள், கடைக்குக் கடை உத்தரத்தில் தொங்கும் பன்றித்தொடைகள். ஊர்ப் பொதுப் பன்றி ஒன்று கழுத்தில் மணியோடு தெருத்தெருவாகத் திரிந்தது. எல்லோரும் தீனி போடுவார்கள். ஜனவரி மாதம் புனித அந்தோனியார் பெயரில் குலுக்கிப் போட்டு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். எது நடக்கப்போகிறது என்று தெரியாமல் ஊரே தனக்குச் சொந்தம் என்பதுபோல் நடக்கிறது பாரு என்றாள் ஒப்துலியா.

சாப்பாடு லியோன்சியோ என்பவரின் கடையில். அவருடைய அப்பா காலத்துக் கடை. மிளகாய்த்தூள் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, பொரித்த பன்றித்தோல், ஆட்டுக்குட்டி வறுவல், ஜாடியில் ஒயின். மூர்சியாக்காரர்கள் உப்பு அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே தட்டை வழித்துத் தின்றார்கள். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பழைய போட்டோக்கள் இருந்தன. கல்யாணம், ஞானஸ்நானம், வேட்டைக் கூட்டம், பட்டம் வாங்கியவர்களின் விருந்து.

கைகழுவப் போன ஒப்துலியா பாதியில் நின்றாள். ஒரு போட்டோவை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பிவந்து ருஃபினாவின் தோளைத் தொட்டாள்.

"ஏடி, இங்க கொஞ்சம் வா. இது உங்கம்மா இல்ல?"

என் அம்மா எங்கே இந்த மலைக்கு வந்தாள், உனக்கு ஒயின் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேதான் ருஃபினா எழுந்து போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

நீளமான மேசை. நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் பட்ட அங்கியும் தொப்பியுமாக ஹினேஸ். அவனுக்கு வலப்பக்கம் காசில்தா, அவளுடைய அப்பா தோன் அபுந்தியோ, அவருடைய மீசை. இடப்பக்கம் அப்பா, கழுத்தை இறுக்கும் காலரோடு. அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே வெள்ளை மையில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: டாக்டர் ஹினேஸ் பெல்த்ரானின் பட்ட விருந்து, 12 மார்ச் 1977.

ருஃபினா முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மா போட்டிருந்த கோட்டையே பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிடப் பெரியது. அதைத் தைத்தவள் அவள். அது அவளுடைய கோட்டு.

இரண்டு சீசன் ஓவர்டைம் பார்த்து, மூர்சியாவின் நல்ல கடை ஒன்றில் வாங்கியது அது. ஒட்டக ரோமத்தின் நிறம். வாங்கி ஒரு மாதத்தில் ஒரு பொத்தான் தொலைந்துபோய், அதே மாதிரி கிடைக்காமல், கிடைத்ததை வைத்துத் தைத்தாள். அந்த மார்ச் மாதம் வலென்சியாவில் அப்பாவின் தூரத்து அத்தை ரெமெதியோஸ் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது என்றார்கள். அப்பாவும் அம்மாவும் நான்கு நாள் துக்கத்துக்குப் போனார்கள். உனக்கு லீவு கிடைக்காது, வீட்டையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள் அம்மா. அங்கே குளிரும், உன் கோட்டைக் கொடு என்று கேட்டாள். ருஃபினாதான் அதைப் பிரஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள், துக்கத்துக்குப் போகிற கோட்டு பளிச்சென்று இருக்கலாமா என்று கவலைப்பட்டு, கைக்குக் கறுப்புப் பட்டையும் தைத்துக் கொடுத்தாள். போட்டோவில் அந்தப் பட்டை இல்லை. ரயிலிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. பாவம், அழுதிருக்கிறாள் என்று எலுமிச்சைப்பூக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பட்டத்துக்கு விழா கிழா எதுவும் வைக்கவில்லை, காகிதம் தபாலில் வந்துவிட்டது என்று அடுத்த வாரம் அம்மா சொன்னதை அப்படியே நம்பினாள்.

அது மட்டுமா? ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்கள் நாளன்று, முகம்கூடத் தெரியாத அந்த ரெமெதியோஸ் அத்தைக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நாற்பத்தைந்து மெழுகுவர்த்தி. அப்படி ஒருத்தி பிறந்திருந்தாளோ இல்லையோ, யார் கண்டது.

"என் கோட்டு வந்திருக்கு," என்றாள் ருஃபினா. "நான்தான் வரல."

லியோன்சியோ துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தெரிஞ்சவங்களாம்மா என்று விசாரித்தார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஒன்றும் நினைவில்லை. தோன் அபுந்தியோ வைத்த விருந்து என்றால் பெரிசாகத்தான் இருந்திருக்கும், அவர் இந்தப் பக்கத்துத் தொடைக்கறி வியாபாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர் என்றார். படத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், உங்களை ஒரு போட்டோ எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஒப்துலியா அவரைப் பார்த்த பார்வையில் சமையலறைக்குள் போய்விட்டார்.

ருஃபினா வெளியே வந்து ஊர்க் குழாயடியில் கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவைக் கேட்க முடியாது, அப்பாவைக் கேட்க முடியாது. மிச்சம் இருப்பவன் ஒருவன்தான். அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதையெல்லாம் விழுங்கியதுபோல் இதையும் விழுங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தாள். வீட்டில் புதுக் கட்டில் காத்திருந்தது. அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

ஹினேஸ் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, மலைக்கா போனாய் என்பதுதான்.

"அது கெடக்கட்டும். உன் பட்டத்துக்கு விருந்து ஏதாவது வச்சாங்களா, ஹினேஸ்?"

அவன் சிரித்தான். "விருந்தா? அன்னைக்கு இருந்த நெலமையில விருந்து ஏது? நானும் ரெண்டு சிநேகிதனும் ஒரு பார்ல நின்னுக்கிட்டே ரொட்டி தின்னோம். உன்னத்தான் நெனச்சுக்கிட்டேன் ருஃபி, சத்தியமா. நீ பக்கத்துல இருந்தா எப்படி இருக்கும்னு."

விருந்து இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன் என்றானே, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் லியோன்சியோ கடை வாசல்ல உக்காந்திருக்கேன்," என்றாள். "அம்மா என் கோட்டப் போட்டுக்கிட்டு உன் மேசையில சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

அவன் பூசி மெழுக ஆரம்பித்தான். அது அம்மாவின் யோசனை, தனக்குத் தெரியவே தெரியாது, நீயே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள் என்றான். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்.

"அம்மாவ விடு. அம்மாவுக்கு நான் பாத்த பணிவிடை ஒன்பது வருஷம், அது எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு. நீ சொல்லு. என்னை ஏன் கூப்பிடல?"

அவன் அலுப்பாகத்தான் சொன்னான். பழைய பொருளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னால் வருகிற அலுப்பு.

"காசில்தா வீட்ல உன்ன டீச்சர்னு சொல்லி வச்சிருந்தேன், ருஃபி. கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல டீச்சர்னு. அவங்கப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாது. எல்லாத்தையும் விசாரிப்பாரு. அது மார்ச் மாசம், ஆர்ட்டிச்சோக் சீசன். உன் கை எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். கையக் கழுவிட்டு வான்னா போயிடுமா அது? எந்த டீச்சருக்கு அப்படி கறுத்த கை இருக்கும்?"

ருஃபினாவுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கல்யாணத்துக்கு மாட்ரிட் போனபோது, மாட்ரிட்டில் இதுதான் நாகரிகம் என்று சொல்லி அம்மா அவளுக்கு வெள்ளைக் கையுறை வாங்கி மாட்டிவிட்டது. சாப்பிடும்போதுகூடக் கழற்றாதே என்று சொன்னது. பிறகு காசில்தா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காசில்தா அவளுக்கு உயர்ந்த ரக மைப்பேனாவும் தடித்த நோட்டுப் புத்தகங்களும் அனுப்புவாள். போனில் பேசினால், உங்க பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்காங்க, இந்த வருஷம் ரொம்பப் படுத்துறாங்களா என்று கேட்பாள். கல்யாணமே ஆகாதவளிடம் இது என்ன கேள்வி, பெரிய இடத்துப் பெண்கள் பேசுவது இப்படித்தான் போலும் என்று நினைத்து, நல்லா இருக்காங்க என்று ருஃபினா பதில் சொல்லி வைப்பாள். நாற்பத்திரண்டு வருடத்து நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றில் மட்டும்தான் எழுதியிருக்கிறாள், அம்மாவின் மாத்திரை நேரங்களை.

"காசில்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?"

"சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கல," என்றான் ஹினேஸ். "அவ உன்மேல ரொம்ப மரியாதை வச்சிருந்தா."

டீச்சர் மேல் வைத்திருந்தாள். ருஃபினா மேல் அல்ல. தான் நேசித்த அந்த அண்ணிக்குத் தன்னைத் தெரியவே தெரியாது என்பது ருஃபினாவுக்கு அந்த மலையில்தான் உறைத்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவமானமாக இருந்தது. தப்பு செய்தவன் அவன், கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவள் அவள்.

ஹினேஸ் இப்போது சமாதானக் குரலுக்கு வந்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அந்தக் கல்யாணம் நடந்ததால்தான் எல்லோரும் தலைநிமிர்ந்தோம், இதெல்லாம் யுகத்துக்கு முன்னால் நடந்த கதை என்றான். வயதான காலத்தில் நமக்கு நாம்தானே என்றான். திங்கட்கிழமை வந்ததும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவோம், ரயிலுக்கு இடம் போட்டாயிற்று, ஸ்டேஷனுக்கு ஒரு டாக்சி மட்டும் சொல்லி வை என்றான். மாத்திரைப் பட்டியலை மகன் அனுப்புவான், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், அம்மாவுக்குக் கொடுத்த மாதிரி ஏனோதானோ என்று கொடுத்துவிடாதே என்று சொன்னான். அந்த நிலைமையிலும் அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"வர வேண்டாம்," என்றாள் ருஃபினா.

அவனுக்குக் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ, என்ன என்று கேட்டான்.

"என் வீட்டுக்கு வர வேண்டாம், ஹினேஸ். டாக்சி நான் சொல்ல மாட்டேன். கதவையும் தெறக்க மாட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சின்னப் பையன் மாதிரி விசும்ப ஆரம்பித்தான். அந்தச் சத்தம் அவளை என்னவோ செய்தது. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்றை மறுக்கிறாள். எப்படி மறுப்பது என்றுகூட அவளுக்குப் பழக்கமில்லை. சரி வா என்று சொல்லிவிட நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. கடைக்குள்ளே மூர்சியாக்காரர்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

"அப்ப நான் யார்கிட்டப் போவேன்?" என்றான் ஹினேஸ். "என்னை யாரு பாத்துப்பா?"

"அந்த மேசையில உன்னைச் சுத்தி உக்காந்திருந்தாங்களே, அவங்ககிட்டப் போ."

"எல்லாரும் செத்துப் போயிட்டாங்களே, ருஃபி."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் போனை அணைத்தாள். பேருந்து கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் அழுது முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.